சமைத்த நேரத்தையும் செய்தியில் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருமண மண்டபத்திலோ அன்னதானத்திலோ மாணவர் விடுதியிலோ சாப்பிட்டவர்கள் வாந்தி, வயிற்றுப்போக்குடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள் என்ற செய்தி நம் நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. அப்படிப்பட்ட செய்திகள் பலவும், உணவில் பல்லி விழுந்திருந்தது என்றோ, கெட்டுப்போன உணவைப் பரிமாறிவிட்டார்கள் என்றோ ஒரு வரியில் முடிந்துவிடுகின்றன. கல்லூரியில் 28 ஆண்டுகள் நுண்ணுயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். அந்த ஒரு வரி வாசகரை உண்மையான காரணத்தை நெருங்கவிடாமல் செய்கிறது என்பதை எடுத்துச் சொல்லவும், தங்கள் செய்தியாளர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கவும் இதை எழுதுகிறேன்.

பல்லியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுச் சுவரில் திரியும் பல்லிக்கு விஷம் கிடையாது. அதன் குடலிலும் எச்சத்திலும் சால்மோனெல்லா என்ற பாக்டீரியா இருக்கக்கூடும் என்பதால், பல்லி விழுந்த உணவைக் கொட்டிவிடுவதே சரி. ஆனால் கொதிக்கிற சாம்பாரில் சால்மோனெல்லா பிழைக்காது. பிழைத்திருந்தாலும் அது நம் குடலில் பெருகி நோயாக வெளிப்படக் குறைந்தது ஆறு மணி நேரமாவது, பல சமயம் ஒன்றிரண்டு நாளாவது ஆகும். ஒரே பந்தியில் சாப்பிட்ட பலர் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்கிறார்கள் என்றால், இலைக்கு வருவதற்கு முன்பே அந்த உணவில் நஞ்சு உருவாகியிருந்ததா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் உறவினர் வீட்டு வளைகாப்பில் நடந்ததைச் சொல்கிறேன். சமையலுக்கு ஏற்பாடு செய்திருந்தவருக்கு அன்று வேறு ஒரு விசேஷமும் இருந்ததால், விடியற்காலை மூன்று மணிக்கே சாதத்தை வடித்துப் பெரிய அண்டாக்களில் நிரப்பி, ஈரத்துணி போட்டுத் தட்டால் மூடி, வேனில் ஏற்றி ஒன்பது மணிக்கு எங்களிடம் இறக்கிவிட்டுப் போய்விட்டார். பந்தி பன்னிரண்டரை மணிக்கு. பதினொரு மணி வாக்கில் சாதம் சூடாக இருக்கிறதா என்று பார்த்துவரச் சொன்னார்கள். மேற்பரப்பு நன்றாக ஆறிப்போயிருந்தது. கரண்டியால் நடுவில் தோண்டிப் புறங்கையை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல்காரர் நெற்றியைத் தொட்டாற்போல வெதுவெதுவென்று இருந்தது. மணமும் நிறமும் சரியாகவே இருந்தன. அந்த வெதுவெதுப்பு எதற்கு உகந்தது என்று வகுப்பில் எத்தனையோ முறை சொன்னவன், விசேஷ வீட்டில் வேண்டாத பேச்சு எதற்கு என்று அன்று வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். மூன்று மணிக்குள் குழந்தைகளும் பெரியவர்களுமாகப் பதினான்கு பேர் வாந்தி எடுத்தார்கள். பொழுது சாய்வதற்குள் பல்லி என்ற பேச்சு வந்துவிட்டது. கண்ணேறு என்றும் சிலர் சொன்னார்கள். சாதம் எத்தனை மணிக்கு வடித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பரிசோதனைக்கு எதுவும் அனுப்பப்படாததால் இதுதான் காரணம் என்று நான் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் வடித்த நேரம், அண்டாவின் அளவு, அந்த வெதுவெதுப்பு, வாந்தி தொடங்கிய நேரம் ஆகிய அனைத்தும் ஒரே திசையைக் காட்டின என்பதை மட்டும் சொல்வேன்.

அந்தத் திசையில் இருப்பது பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா. மண்ணில் வாழ்வது, நெல்லோடு சேர்ந்து அரிசிக்கும் வந்துவிடுகிறது. சூழல் ஒத்துவராதபோது இது தன்னைச் சுற்றித் தடித்த ஓடு கட்டிக்கொண்டு, ஸ்போர் எனப்படும் உறங்கு வித்தாக மாறிவிடுகிறது. உலையின் கொதியில் மற்ற கிருமிகள் மடிந்தாலும் இந்த வித்துகள் மடிவதில்லை. சோறு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கி, உடல் சூட்டை ஒட்டி வரும்போது அவை முளைக்கின்றன. பாக்டீரியா பெருக மாவுச்சத்தோ புரதமோ வேண்டும், ஈரம் வேண்டும், மிதமான சூடு வேண்டும், புளிப்பு அதிகம் இருக்கக் கூடாது. வடித்த சோற்றில் இந்த நான்கும் அமைந்திருக்கின்றன. போட்டிக்கு வரக்கூடிய வேறு நுண்ணுயிர்களையும் உலை ஏற்கெனவே ஒழித்துவிட்டது. மீதி வேண்டியது நேரம் ஒன்றுதான், அதை அன்று நாங்களே கொடுத்தோம்.

எவ்வளவு நேரம் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். பாக்டீரியா இரண்டாகப் பிளந்து பெருகுவது. வாய்ப்பான சூழலில் பல பாக்டீரியாக்கள் ஏறக்குறைய 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டிக்கின்றன. அந்தக் கணக்கில் ஒன்று மூன்று மணி நேரத்தில் 512 ஆகும். ஆறு மணி நேரத்தில் 2,62,144. எட்டு மணி நேரத்தில் 1,67,77,216. புதிய இடத்துக்குப் பழகிக்கொள்ளச் சிறிது நேரம் எடுத்துக்கொள்வதால், தொடக்கத்தில் எண்ணிக்கை அவ்வளவாக ஏறுவதில்லை. ஏறத் தொடங்கிய பிறகோ, கடைசி ஒரு மணி நேரத்தில் மட்டும் எட்டு மடங்காகிவிடுகிறது. பத்து மணிக்குச் சாப்பிட்டவருக்கு ஒன்றும் ஆகவில்லையே, ஒரு மணிக்குச் சாப்பிட்டவர் மட்டும் ஏன் படுத்துவிட்டார் என்ற கேள்விக்குப் பல நேரங்களில் விடை இங்கே இருக்கிறது.

இந்தப் பாக்டீரியாவின் சில வகைகள் சோற்றில் பெருகும்போது சீரியுலைடு என்ற நஞ்சைச் சுரக்கின்றன. 121 டிகிரி சூட்டில் 90 நிமிடம் வைத்தாலும் அது சிதைவதில்லை. ஆகவே, பரிமாறுமுன் நன்றாகச் சூடு பண்ணிவிட்டோமே என்பது இங்கே செல்லுபடியாகாது. சூட்டில் கிருமி சாகும், அது விட்டுச் சென்ற நஞ்சு அப்படியே இருக்கும். உணவை நாறச் செய்யும் பாக்டீரியாக்கள் வேறு, நோய் தரும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் வேறு. கெட்டுப்போன உணவு என்று செய்தியில் படிப்பவர், தன் வீட்டுச் சோறு நாறவில்லை என்பதால் அது நல்லது என்று நம்பிவிடுகிறார். எனக்கு மிகவும் கவலை தருவது இந்த நம்பிக்கைதான்.

வீட்டுப் பானையில் வடித்த சோறு விரைவில் ஆறிவிடும். நூறு பேருக்கான அண்டாவில் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். இறைச்சிக் குழம்பு, பிரியாணி ஆகியவற்றில் இந்த இடத்தைப் பிடிப்பது கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியா. அதற்கும் கொதியைத் தாங்கும் வித்து உண்டு. காற்று புகாத அடிப்பகுதிதான் அதற்கு ஏற்றது. 45 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். இரவு விருந்து சாப்பிட்டவர்களுக்கு மறுநாள் காலையில் வயிற்றுவலியும் பேதியும் தொடங்கினால் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். சமைப்பவர் கையில் சீழ்ப்புண் இருந்தால் உணவில் சேரும் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவும் கொதிக்கு அசையாத நஞ்சைத் தருவதே.

இவை நம் மக்களுக்குப் புரியாத செய்திகள் அல்ல. கோடையில் இட்லி மாவு சீக்கிரம் பொங்கும், மார்கழியில் பொங்காது என்று அறியாத வீடு தமிழ்நாட்டில் இல்லை. பாக்டீரியாவுக்குச் சூடு வேண்டும் என்பதை அதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் சொல்லிவிட முடியாது. குளிர்பதனப் பெட்டியில் வைத்த மாவும் நாலைந்து நாளில் புளித்துவிடுகிறது. குளிர் அவற்றைத் தாமதப்படுத்துகிறதே தவிரக் கொல்வதில்லை. ஈரத்தை உப்பாலும் வெயிலாலும் இழுத்துவிட்டால் பெருக்கம் நிற்கும் என்பதற்குக் கருவாடும் வற்றலும் அப்பளமும் சாட்சி. தூரப் பயணத்துக்குப் புளியோதரை கட்டிக்கொடுத்தவர்கள் புளிப்பின் காவலை அறிந்திருந்தார்கள். இட்லி மாவையும் அதில் வளரும் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் அமிலமே பெருமளவு காக்கிறது. வெறும் சோற்றுக்கும் வெண்பொங்கலுக்கும் அந்தக் காவல் கிடையாது. இதையெல்லாம் வீட்டில் கடைப்பிடிப்பவர்கள் மண்டபத்து அண்டாவின் முன் நிற்கும்போது மறந்துபோவதற்கு, யாரும் அவர்களுக்கு அதை எடுத்துச் சொல்லாததே காரணம் என்று நினைக்கிறேன்.

எனவே என் வேண்டுகோள் இதுதான். இத்தகைய சம்பவத்தை எழுதும் செய்தியாளர், உணவு எத்தனை மணிக்குச் சமைக்கப்பட்டது, எதில் வைத்து எப்படிக் கொண்டுவரப்பட்டது, எத்தனை மணிக்குப் பரிமாறப்பட்டது, சாப்பிட்ட எவ்வளவு நேரத்தில் முதல் நபருக்கு உடம்பு சரியில்லாமல் போனது என்பவற்றைக் கேட்டு எழுத வேண்டும். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் சாதாரண அறை வெப்பத்தில் விடக் கூடாது என்றும், சூடான உணவு பரிமாறும் வரை 60 டிகிரிக்கு மேலும், குளிரில் வைப்பது 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. அந்த எண்களையும் செய்தியோடு ஒரு வரியில் சேர்த்துவிட்டால், அதைப் படிக்கும் கல்யாண வீட்டார் தங்கள் சமையல் பொறுப்பாளரிடம் கேட்க வேண்டியதைக் கேட்பார்கள். சாதத்தைப் பந்திக்குப் பந்தி தனியாக வடிப்பது சிரமமான காரியம் அல்ல. உணவில் குத்திப் பார்க்கும் வெப்பமானியும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

இன்னொன்றும் உண்டு. உணவு மாதிரி ஆய்வுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்ற வாக்கியத்தைப் பல செய்திகளில் படித்திருக்கிறேன். அந்த ஆய்வில் என்ன கண்டார்கள் என்பதை அதற்குப் பிறகு எங்கும் படித்ததாக எனக்கு நினைவில்லை. சில வாரங்கள் கழித்து முடிவு வந்ததும் செய்தியாளர் அதைக் கேட்டு வாங்கி, உள்பக்கத்தில் நாலு வரி வெளியிட்டாலும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் ஆசிரியர்,
கும்பகோணம்.