மாப்ள, அந்த கார்னர் விஷயம்

மாப்ள,

உன் வாய்ஸ் மெசேஜ நேத்து ராத்திரி ரெண்டு தடவ கேட்டேன். உன் ஹாக்கி டீம்ல பெனால்டி கார்னர்ல கோலுக்கு ஃபிளிக் அடிக்கிற பையன் காய்ச்சல்ல படுத்ததும் டோர்னமெண்ட்ல ஒரு பெனால்டி கார்னர் கூட உள்ள போகலன்னு சொன்னப்ப உன் குரலே சரியில்ல, ஒத்த ஆள நம்பி டீம கெடுத்துட்டேனோன்னு வேற கேக்குற. நீ கெடுக்கலடா.

இங்க கனடால எட்மன்டன்ல ஐஸ் ஹாக்கி பாத்து பாத்து இதையேதான் நானும் யோசிச்சிட்டிருக்கேன். ஃபவுல் பண்ணவன் 2 நிமிஷம் வெளிய உக்காருவான், கோலிய விட்டா இவங்க 5 பேரு அவங்க 4 பேரு, அதான் பவர் பிளே. 2022-23ல எங்க ஊரு டீம் ஆயிலர்ஸ் அந்த சான்ஸ்ல 32.4 சதவீதம் கோல் போட்டாங்க, என்ஹெச்எல்ல (அதான் இங்க பெரிய ஐஸ் ஹாக்கி லீக்) அதுவரைக்கும் 1977-78 மான்ட்ரியலோட 31.9தான் ரெக்கார்டு. எங்க டீம் ஸ்டார் மெக்டேவிட் ஒருத்தனுக்கே பவர் பிளேல 71 பாயின்ட் (கோலும் கோலுக்கு குடுத்த பாஸும் சேத்து), இன்னொரு ஸ்டார் டிரைசைட்டில் 32 கோல். இத பாத்தா ஸ்டார்தான் எல்லாம்னு தோணும்ல?

ஆனா அதே சீசன்ல பிப்ரவரி கடைசில, கோலுக்கு தூரமா பின்னாடி ப்ளூ லைன்ல நின்னு ரப்பர் வட்ட பிரிச்சுக் குடுத்த பேரிய நாஷ்வில் டீமுக்கு டிரேட் பண்ணிட்டாங்க. அந்த எடத்துக்கு பூஷார்னு சின்ன பையன் வந்தான், பவர் பிளே படுக்கவே இல்ல, பிளேஆஃப்ல 39 சான்ஸ்ல 18 கோல்! அப்ப பேரி சும்மா நின்னானான்னா இல்ல, மெக்டேவிட் இருக்கிறதால அந்த எடத்துல நிக்கிறவனுக்கு டைம் கிடைக்குது, அவ்ளோதான்.

ஒரு தடவ மேல் வரிசைல உக்காந்து பாத்தேன் மாப்ள, மேல இருந்துதான் இது தெரியும். மெக்டேவிட் ஓரத்துல பக்க (அதான் அந்த ரப்பர் வட்டு) வச்சிட்டு லேசா தோள சாய்ச்சான், தடுக்கிற நாலு பேரும் ஒண்ணா அவன் பக்கம் ரெண்டடி நகந்தானுங்க, அந்த நேரம் கோலி முன்னாடி எங்க ஆளு ஹைமன் தனியா நிக்கிறான். அந்த ரெண்டடிதான் ஸ்டாரோட மதிப்பு, ஸ்கோர் ஷீட்ல அது வரவே வராது.

வாஷிங்டன் டீம் ஒவெச்கின் கதை வேற. இடது பக்க வட்டத்துலதான் நிப்பான்னு உலகத்துக்கே தெரியும், ஆனாலும் தடுக்க முடியல, 2025 ஏப்ரல் 6ல என்ஹெச்எல்ல அதிக கோல் வச்சிருந்த கிரெட்ஸ்கிய தாண்டின 895வது கோலும் பவர் பிளேல அங்க இருந்துதான். ஆனா அவனுக்கும் ஒருத்தன் பாஸ் குடுக்கணும்ல, வருஷக்கணக்கா அவன் டீம் பேக்ஸ்ட்ரம் குடுத்தான், அன்னைக்கு வில்சன் குடுத்தான்.

நம்ம இந்தியா ஹாக்கி டீம் ஹர்மன்பிரீத் சிங் பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல 10 கோல் அடிச்சாரே, கார்னர்ல பந்த உள்ள புஷ் பண்றவனும் அத ஃபிளிக்கருக்கு ஸ்டாப் பண்றவனும் ஒழுங்கா செய்யலன்னா அவரால என்ன பண்ண முடியும்? உன் பையனுக்கு காய்ச்சல் வந்ததுல தப்பில்ல, ஸ்டாப்பர் யாருன்னு நீ எங்கிட்ட சொல்லவே இல்ல பாரு, அங்கதான் எனக்கு இடிக்குது. காலைல புஷ் பண்றவன், ஸ்டாப்பர் ரெண்டு பேரையும் தனியா ஒரு அரைமணி நேரம் நிறுத்தி பழக்கு. ஃபிளிக்கர் வந்தப்புறமும் நாலு கார்னர்ல ஒண்ண வேற ஆளுக்கு தள்ளி விடச் சொல்லு, எதிராளி கண்ணு எங்க போகுதுன்னு பாரு.

அம்மாவுக்கு முட்டி வலி இப்ப பரவால்ல, உன்ன கேட்டாங்க. அடுத்த மேட்ச் வீடியோ அனுப்பு, கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி இருந்து எடு.