ஜோவின் தொப்பி

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வரும் ஆங்கில மாதிரி விடைகளைத் தவறாமல் படிக்கிறேன். அதுபற்றி ஒரு வேண்டுகோள்.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் போன வாரம் நோட்டோடு வந்தாள். சார்லஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில் வரும் கொல்லர் ஜோ அன்பானவர், நேர்மையானவர், படிப்பறிவு குறைந்தவர் என்று ஒப்பித்தாள். எல்லாம் சரிதான். ஆனால் நாவலை அவள் திறக்கவே இல்லை.

27-ஆம் அத்தியாயத்தை அவளோடு உட்கார்ந்து வாசித்தேன். தான் வளர்த்த, இப்போது பணக்கார வாழ்க்கைக்குப் போய்விட்ட பிப்பைப் பார்க்க ஜோ லண்டனுக்கு வருகிறார். தொப்பியைக் கொடு என்று பிப் கேட்டும் கொடுப்பதில்லை. முட்டையோடு இருக்கும் குருவிக்கூட்டைப் போல இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். அப்புறம் கணப்படுப்பின் மேல் ஓர் ஓரத்தில் வைக்கிறார். அது விழுந்துகொண்டே இருக்கிறது. பிப்பை ஒரு நேரம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், ஒரு நேரம் 'சார்' என்கிறார்.

இந்த நாவல் 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. ஒரு வாரம் காத்திருக்கும் வாசகருக்கு ஆளை மறக்கவிடாமல் செய்வது இந்தத் தொப்பி போன்ற விஷயங்கள்தான். வக்கீல் ஜாகர்ஸ் வாசனை சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டே இருப்பதும் அப்படித்தான்.

கதையைச் சொல்பவன் வயதான பிப். பணம் கொடுத்து ஜோவின் வரவைத் தடுக்க முடிந்திருந்தால் கொடுத்திருப்பேன் என்று மறைக்காமல் சொல்கிறான். ஜோ தடுமாறியதற்குத் தானே காரணம் என்பது அன்றைய பிப்புக்குத் தெரியவில்லை. சொல்கிற பிப்புக்குத் தெரிகிறது.

என் அப்பா களக்காடு பக்கத்தில் பட்டறை வைத்திருந்தார். பண்ணரிவாள் அடிப்பார். 1979-இல் நான் பாளையங்கோட்டையில் படித்தபோது, ஓலைக்கொட்டானில் கருப்பட்டி எடுத்துக்கொண்டு விடுதிக்கு வந்தார். கட்டிலில் உட்காரவில்லை, கொட்டானைக் கீழே வைக்கவும் இல்லை. யார் என்று கேட்ட நண்பர்களிடம், எங்கள் ஊர்க்காரர் என்றேன். வீட்டில் 'எலே' என்று கூப்பிடுகிறவர், "சரி தம்பி, நான் வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வருடம் இதே நாவல்தான் பாடம். ஜோவின் குணநலனை நன்றாகவே எழுதினேன். அதில் அப்பா இருக்கிறார் என்று தெரியவில்லை. ஆசிரியராகிப் பல வருடம் கழித்து, வகுப்பில் தொப்பி விழும் இடத்தை வாசித்தபோது மேற்கொண்டு வாசிக்க முடியாமல் நின்றேன். அப்போது அப்பா இல்லை.

எனவே மாணவர் பக்கத்தில் குணநலன் விடைகளுக்குப் பதிலாக, வாரம் ஒரு காட்சியை அப்படியே வெளியிடுங்கள். கீழே இரண்டே கேள்வி போதும்: இதை யார் சொல்கிறார்? எந்த வயதில் நின்று சொல்கிறார்? அந்தப் பெண் இப்போது நாவலை முதல் பக்கத்திலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறாள்.

– ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
பாளையங்கோட்டை