கணக்கில் வராத உன் இரண்டாயிரம் வெள்ளி

ஈசூன், சிங்கப்பூர்,
ஞாயிறு மாலை

அன்பு மகளுக்கு,

தங்கையின் கல்யாணக் கணக்குக்காக நீ மெல்பர்னிலிருந்து அனுப்பிய எக்செல் கோப்பு மூன்று நாள் என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. என் நோட்டுப் புத்தகத்தில் வரவு 8,450 வெள்ளி, கணினியில் 6,000. "முதலில் கண்ணாடியை மாற்றுங்கள்" என்றாள் அம்மா. ஆயுள் முழுக்கப் பேரேடு எழுதியவனிடம் சொல்கிற பேச்சா இது?

இன்று காலைதான் பிடிபட்டது. விடுபட்ட 2,450இல் 2,000 நீ கொடுத்தது! நம் வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், ஆஸ்திரேலிய டாலரோடு குழம்பக்கூடாது என்று, டாலர் குறிக்கு முன்னால் ஓர் 'எஸ்' சேர்த்து S$2,000 என்று அடித்திருக்கிறாய். வெறும் $2,000 என்றிருந்தால் எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு, $ குறியை மேல்சட்டையாகப் போட்டுவிட்டிருக்கும். 'எஸ்' வந்ததும் அது சொல்லாகிவிட்டது. கூட்டல் சூத்திரமோ சொல்லைக் கண்டால் ஒரு வார்த்தை பேசாமல் தாண்டிப் போகிறது. மீதி என் கைவண்ணம்: மாமா கொடுத்ததை "450 வெள்ளி" என்று பதிந்திருந்தேன்.

வழக்கமாக எண் கட்டத்தின் வலப்பக்கமும் சொல் இடப்பக்கமும் ஒட்டி நிற்கும், பார்த்தாலே தெரிந்துவிடும். நீ அழகுக்காக எல்லாவற்றையும் நடுவில் நிறுத்தி வைத்திருந்தாய். திருடனும் போலீஸும் ஒரே வரிசையில் நின்றால் எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் வேலை பார்த்த காலத்துக் கணக்கு மென்பொருள் லோட்டஸ் 1-2-3 இந்த விஷயத்தில் நேர்மையானது. எழுத்தில் தொடங்கினால் திரையின் மேல் மூலையில் 'லேபிள்' என்று காட்டும், எண்ணில் தொடங்கினால் 'வேல்யூ' என்று காட்டும். எண்ணில் தொடங்கிச் சொல்லில் முடித்தால் பீப் என்று கத்தி, ஏற்கவே மறுக்கும். இன்றைய எக்செல் நாசூக்கானது, அதனால்தான் ஆபத்து.

வடிவத்தை மட்டும் 'கரன்சி' என்று மாற்றிப் பார்த்தேன், ஒன்றும் அசையவில்லை. எண்ணை மட்டும் திரும்ப அடித்தபோதுதான் வழிக்கு வந்தது. 'வெள்ளி' என்ற சொல்லை விட எனக்கு மனமில்லை. ஃபார்மேட் செல்ஸில் 'கஸ்டம்' என்ற இடத்தில் #,##0.00 "வெள்ளி" என்று கொடுத்தேன். இப்போது திரையில் 450.00 வெள்ளி என்று தெரிகிறது, உள்ளே வெறும் 450 இருக்கிறது. இதை யாரும் சொல்லித்தரவில்லை என்பதைக் குறித்துக்கொள்.

அந்த உற்சாகத்தில் ஒரு கூத்தும் நடந்தது. ஜொகூர் சித்தப்பா கொடுத்தது 600 மலேசிய ரிங்கிட். இன்னும் மாற்றாததால் என் நோட்டில் அது கிடையாது. அந்தக் கட்டத்திலும் 'ரிங்கிட்' என்ற சொல்லை எடுத்துவிட்டேன். மொத்தம் உடனே 9,050! ரிங்கிட்டும் வெள்ளியும் எக்செலுக்கு ஒன்றுதான். எண் தெரிகிறதே தவிர, அது எந்த நாட்டுப் பணம் என்று தெரியவில்லை. $ குறி போட்டாலும் மதிப்பை மாற்றித் தராது, வேடத்தைத்தான் மாற்றும். ரிங்கிட்டுக்குத் தனிப் பத்தி போட்டுவிட்டேன். நீ அதை மறுபடி ஒன்றாக்கிவிடாதே.

நலங்கு நம் புளோக்கின் கீழ்த்தளத்தில்தான். பூமாலைக்கு அம்மா தேக்காவில் முன்பணம் கொடுத்துவிட்டு வந்து, செலவை அவளே பதிந்தாள். இப்போதுதான் பார்த்தேன், கட்டத்தில் "நூறு" என்று அழகாகத் தமிழில் அடித்து வைத்திருக்கிறாள். நான் இன்னும் வாய் திறக்கவில்லை.

அன்புடன்,
அப்பா