கங்காவைக் கேட்டாய், கணேசனைக் கேட்டாயா?

அன்பு மகனுக்கு,

‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ படத்தைப் பார்த்துவிட்டு, நல்ல வேலையும் சம்பளமும் உள்ள கங்கா தன்னைக் கெடுத்த பிரபுவையே ஏன் தேடிப் போகிறாள் என்று எரிச்சலோடு எழுதியிருந்தாய். அந்தப் படத்துக்கு மூலமான ஜெயகாந்தனின் நாவலைப் படித்திருந்தால் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டிருப்பாய் என்று தோன்றுகிறது.

1977-இல் பீம்சிங் இயக்கிய அந்தப் படத்துக்குத் திரைக்கதை எழுதியவரும் ஜெயகாந்தன்தான். ஆகவே, கதை கைமாறியதால் கெட்டது என்று சொல்ல வழியில்லை. ஆனால் நாவலில் கங்கா தன் வாயாலேயே பேசுகிறாள். பேருந்தில் உரசும் ஆண்களையும், படிக்க வைத்த உரிமையில் அத்துமீறப் பார்க்கும் வெங்கு மாமாவையும், சில இடங்களில் தன்னையுமே அவள் எள்ளலோடு எடைபோடுவதைக் கேட்டுக்கொண்டே வருவதால், பிரபுவைத் தேடுவதில் உள்ள வீம்பு நமக்கு விளங்கிவிடுகிறது. திரையில் கங்காவாக நடித்த லட்சுமியின் முகம்தான் அத்தனையையும் சொல்லியாக வேண்டும். தேசிய விருது பெற்ற நடிப்பு அது, குறை சொல்ல மாட்டேன். இருந்தாலும் முகத்தில் ஏக்கம் தெரிகிற அளவுக்கு எள்ளல் தெரிவதில்லை.

என்னை அதிகம் உறுத்துவது அந்தத் தாய். இந்த நாவலுக்கு வித்தான, ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை 1966-இல் வந்தது. அதில், மழை நாளில் ஒருவனால் கெடுக்கப்பட்டு நனைந்து வந்த மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, ‘நீ சுத்தமாகிவிட்டாய்’ என்று சொல்லி விஷயத்தை அங்கேயே முடித்துவிடுகிறாள் தாய். நாவலில் கங்காவின் தாய் கனகமோ அலறி ஊரைக் கூட்டிவிடுகிறாள். அண்ணன் கணேசன் தங்கையை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். பல ஆண்டுகள் கழித்து அதே கனகம் மகளின் வீட்டில், மகளின் சம்பளத்தில் வாழ்கிறாள். சோறு போடும் பொறுப்பு மகளிடம் வந்துவிட்டது. அவளுடைய நடத்தைக்குத் தீர்ப்புச் சொல்லும் உரிமையை மட்டும் அண்ணனும் மாமாவும் விட்டுக்கொடுக்கவில்லை. நாவல் எழுதி அரை நூற்றாண்டு கடந்த பின்னும், இந்த இரண்டாவது பாதி எத்தனை வீடுகளில் மாறியிருக்கிறது என்று எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

உன் கடிதம் முழுவதும் கங்காவைத்தான் விசாரிக்கிறது. கணேசனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நீயும் ஒரு தங்கைக்கு அண்ணன் என்பதால் இதைக் கவனித்தேன். நாவலைப் படித்துவிட்டு, அவனைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று எழுது.

அன்புடன்,
அம்மா