ஞாயிறு இணைப்பில் ஒரு அரைப்பக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

படக்கதைக்காரர்கள் ஒன்றை முடிக்காமல் அடுத்ததை ஏன் தொடங்குகிறார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். என் தங்கை எழுதுகிறாள், நான் வரைகிறேன். அவள் வசனம் திருத்தி முடிக்கும்வரை நான் சும்மா உட்கார்ந்திருந்தால் வாடகை யார் கட்டுவது? அந்த இடைவெளியில் கல்யாணப் பத்திரிகை, பள்ளி மலருக்கு அட்டைப்படம், அப்புறம் எங்கள் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் தைப்பூசக் கதை.

அந்தக் கதை தமிழிலும் மலாயிலும் வருகிறது. மலாய் வசனத்துக்குப் போட்ட குமிழியில் தமிழை அடைத்தால் காவடிக்காரரின் தலையே மறைந்துவிடுகிறது. அதனால் சில கட்டங்களை இரண்டு தடவை வரைகிறேன்.

ஞாயிறு இணைப்பில் உள்ளூர்க்காரர்களுக்கு அரைப்பக்கம் ஒதுக்குங்கள். கெடுவும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தங்கை எழுதமாட்டாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு