ஆணே இல்லாத மாவுப்பூச்சி

கோபிசெட்டிபாளையம்
மார்கழி

அன்புள்ள நாச்சிமுத்துவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மிணிக்கு ராசிபுரத்திலேயே பள்ளிக்கூட வேலை அமைந்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். பிள்ளைகளுக்கு ஹைட்ராவை உயிரோடு காட்டுவது எப்படி என்று அவள் கேட்டதைப் பின்னால் எழுதுகிறேன். முதலில் உன் குச்சிக்கிழங்குக் காட்டைப் பற்றி.

மாவுப்பூச்சிக்கு இனக்கவர்ச்சிப் பொறி மாட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம், காசுதான் வீணாகும். பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு மாட்டுகிற பொறி, பெண் அந்துப்பூச்சியின் வாசனையைக் காட்டி ஆணை வரவழைத்துப் பிடிக்கிறது. உன் காட்டில் நுனிக் குருத்தைச் சுருட்டி, கணுவைக் குறுக்கி, தண்டைக் கோணலாக்குவது பினாக்காக்கஸ் மனிஹோட்டி என்கிற மாவுப்பூச்சி. அதில் பிடிக்க ஆண் கிடையாது. பிறப்பதெல்லாம் பெண். சேர்க்கையில்லாமலே முட்டை வைக்கும், அதிலிருந்து வருவதும் பெண்ணே.

2008-ல் கோவையில் பப்பாளியில் கண்டு, பிறகு குச்சிக்கிழங்கிலும் (மரவள்ளி) ஏறிய பப்பாளி மாவுப்பூச்சி வேறு. அதற்கு ஆண் உண்டு, அந்த ஆணுக்குச் சிறகும் உண்டு. வெள்ளைப் பொடியை லேசாகத் துடைத்துப் பார்: பப்பாளிப் பூச்சியின் உடம்பு மஞ்சள், இதன் உடம்பு இளஞ்சிவப்பு. இது இந்தியாவில் முதலில் தெரிய வந்தது 2020-ல், திருச்சூரில். அங்கிருந்து நம் நாமக்கல், சேலம் பக்கம் வர அதிக நாள் எடுக்கவில்லை.

ஆண் இல்லாததால் என்ன கெடுதல் என்று கணக்குப் போட்டுப் பார். ஒரு தாய் சுமார் 400 முட்டை வைக்கும். நம் வெயிலுக்கு ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு தலைமுறை. மழை, எதிரிப் பூச்சி, பட்டினி எல்லாம் போக 20 மட்டும் தேறுகிறது என்று வைத்துக்கொள். இருபதும் பெண், இருபதும் முட்டை வைக்கும். மூன்று தலைமுறையில் 8,000. அதே 20-ல் பாதி ஆணாக இருந்தால் முட்டை வைப்பவை 10 தான், மூன்று தலைமுறையில் 1,000 பெண்கள். இதைவிட மோசம், தொடங்குவதற்கு ஒன்றே போதும் என்பது. ஒரு நடவுக் குச்சியின் கணுவில் ஒட்டிவந்த ஒரே குஞ்சு, துணை தேடாமல், ஒரு காட்டையே பிடித்துவிடும்.

சாதாரணமாக முட்டை தன் குரோமோசோம்களைப் பாதியாக்கிக்கொண்டு, மீதிப் பாதிக்கு விந்தணுவை எதிர்பார்த்திருக்கும். ஆண் சேராமலே பெருகுகிற இந்தக் கன்னி இனப்பெருக்கத்தில் அந்த எதிர்பார்ப்பே இல்லை. அசுவினியில் முட்டை பாதியாவதே இல்லை. தாயின் முழுத் தொகுதியோடு நேராகக் கருவாக வளர்கிறது. குளிர்நாடுகளில் பகல் குறுகும்போது அசுவினி ஆணையும் பெற்று, குளிரைத் தாங்கும் முட்டை வைக்கும். நம் சமவெளியில் அந்தக் குளிர் இல்லாததால் பெரும்பாலும் வருசம் முழுக்கப் பெண்கள்தான், அதுவும் முட்டை வைக்காமல் குட்டி போடுகிறார்கள். பிறக்கப்போகும் மகளுக்குள்ளேயே பேத்தி வளரத் தொடங்கியிருக்கும். பூந்தொட்டி மண்ணில் மண்புழு போலக் கறுத்து நெளிகிற புழுப்பாம்பும் முழுக்கப் பெண் இனம். அதற்கு ஒவ்வொரு குரோமோசோமும் மும்மூன்று. தொட்டி மண்ணோடு உலகமெல்லாம் போய்க் குடியேறியது இந்த வசதியால்தான்.

தாயும் மகளும் நகல் என்பதில் நமக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. மருந்தைத் தாங்கும் குணம் ஒன்றுக்கு வந்துவிட்டால் அது கலந்து நீர்த்துப்போகாது, அப்படியே மகள்களுக்கு இறங்கும். அதனால் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்காதே. நல்ல செய்தி, இந்த மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைத்து அதைக் கொல்வதற்கென்றே ஒரு குளவி இருக்கிறது: அனகைரஸ் லோபெசி. ஆப்பிரிக்காவில் இந்தப் பூச்சி மரவள்ளியை அழித்தபோது 1981-ல் பராகுவேயில் கண்டெடுத்தது. பூச்சியியல் விஞ்ஞானி ஹான்ஸ் ஹெரன் அந்த வேலையை முன்னின்று நடத்தி 1995-ல் உலக உணவுப் பரிசு பெற்றார். நம் ஊருக்கு அது பெனின் நாட்டிலிருந்து வந்து, 2022-ல் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது.

இந்தக் குளவியின் பிறப்பு எதிர்ப்பக்கம். கருவுறாத முட்டை ஆணாகும், கருவுற்றது பெண்ணாகும். சின்ன மாவுப்பூச்சி கிடைத்தால் தாய்க் குளவி பெரும்பாலும் ஆண் முட்டையை வைக்கும், பெரிதில் பெண் முட்டை. ஆகவே மாவுப்பூச்சிக் குஞ்சுகள் மட்டும் இருக்கும்போது குளவியை விட்டால் அடுத்த தலைமுறையில் ஆண்களே மிகும், வேலை நடக்காது. நடுத்தரம், பெரிது என்று கலந்திருக்கும் நேரத்தில் விடு. விட்டபின் கடும் மருந்து அடிக்காதே. செடியில் எறும்பு ஏறாமல் பார்த்துக்கொள், எறும்பு குளவியை விரட்டும். உடம்பு விறைத்துப் பழுப்பான மாவுப்பூச்சியைப் பிடுங்கி எரித்துவிடாதே, உள்ளே குளவி இருக்கிறது.

தை நடவுக்குக் குச்சி பொறுக்குவதில்தான் பாதி வெற்றி. 8 முதல் 10 மாதச் செடியில், நுனி சுருண்ட எதையும் தொடாமல், நடுத்தண்டில் 15 முதல் 20 செ.மீ. நீளத்துக்கு வெட்டு. குச்சிக்கிழங்கும் நகலாகத்தான் பெருகுகிறது என்பதை மறக்காதே: தேமல் நோய் உள்ள தாய்க்குச்சி அத்தனை பிள்ளைக்கும் தேமலைத் தரும். மிச்ச நுனிகளை வரப்பில் போடாமல் அன்றே எரி.

இனி அம்மிணிக்கு. ஹைட்ரா என்பது குளத்து நீரில் வாழும் சின்ன உயிர், உடம்பில் மொட்டுவிட்டே குட்டி பெறும்; பாடப்புத்தகத்தில் உள்ள அந்த மொட்டுவிடுதலைப் பிள்ளைகளுக்கு உயிரோடு காட்டலாம். தெளிந்த குளத்தில் நீர்ப்பாசிச் செடியை அள்ளி, அதே தண்ணீரோடு கண்ணாடிச் சாடியில் போட்டு, வெயில் நேராகப் படாத சன்னலோரம் அசைக்காமல் வைக்கட்டும். ஹைட்ரா இருந்தால் ஓரிரு நாளில் கண்ணாடியில் ஒட்டி, சில மில்லிமீட்டர் நீள நூலாகக் கையை விரிக்கும். இரை, முட்டையிலிருந்து பொரிந்த ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் இறால் போன்ற சின்ன உயிர்) குஞ்சு. உப்புப் போக நன்றாகக் கழுவிக் கொடுக்க வேண்டும். தின்றபின் மிச்சத்தை அன்றே எடுத்துவிட வேண்டும், தண்ணீர் அழுகினால் கைகள் சுருங்கி உருண்டையாகிச் செத்துவிடும். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது, குளோரின் கொல்லும். செம்புக் குடத்துத் தண்ணீர் அதைவிட மோசம், துளி செம்பும் தாங்காது. 25 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. அதனால் சித்திரையில் முயலாமல் இப்போதே செய்யட்டும். நன்றாகத் தீனி கிடைத்தால் உடம்பின் கீழ்ப்பாதியில் புடைப்பு வரும், அதற்குக் கைகள் முளைக்கும், இரண்டு மூன்று நாளில் பிரிந்து தனியாகும். பட்டினி போட்டால் மொட்டு நின்றுவிடும்.

குச்சி வெட்டுகிற நாளை முடிவு செய்ததும் எழுது. குளவி வேண்டுமென்று ஏத்தாப்பூருக்கு முன்கூட்டியே சொல்லி வை.

அன்புடன்,
பழனிச்சாமி