அத்தைக்குத் தனிச் சட்டி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். கிறிஸ்துமஸுக்கு உன் அத்தையும் மாமாவும் அங்கே வருகிறார்கள், ஒயினில் வேகவைத்த பேரிக்காய் செய்யப் போகிறேன் என்றாய். "கொதிச்சா போதை எல்லாம் ஆவியாப் போயிரும்லாம்மா?" என்று ஒரு கேள்வி வேறு. போகாது ஏளா. ஆல்கஹால் 78 டிகிரியிலேயே கொதிக்கும் என்பது சரிதான். ஆனால் தண்ணீரோடு கலந்து கிடப்பது அவ்வளவு லேசில் விட்டுப் போகாது. அமெரிக்க வேளாண்மைத் துறை போட்ட கணக்குப்படி, அரை மணி நேரம் கொதித்த பிறகும் 35 சதவீதம் நிற்கும். இரண்டரை மணி நேரம் கொதித்தாலும் 5 சதவீதம் மிச்சம். உன் அத்தை சர்ச்சில் திருவிருந்து ஒயினில் உதட்டை நனைப்பதோடு சரி. அவர்களிடம் "ஒண்ணும் இல்ல அத்தை, சாப்பிடுங்க" என்று நீட்டிவிடாதே. அவர்களுக்குத் தனிச் சட்டி வை.

சரி, பழம். அங்கே கான்பரன்ஸ் என்று நீளமாக, தோல் சொரசொரவென்று ஒரு ரகம் கிடைக்குமே, அதையே வாங்கு. 1885-இல் லண்டனில் நடந்த பேரிக்காய் மாநாட்டில் பரிசு வாங்கியதால் அந்தப் பெயராம். பேரிக்காய்க்கு மாநாடு போட்டிருக்கிறார்கள், பார்த்துக்கோ! காம்புப் பக்கம் அழுத்தினால் அமுங்கக் கூடாது, பழுத்தது குழைந்துவிடும். நம் பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்கு வரும் கொடைக்கானல் பேரிக்காயைக் கடித்துத் தின்றால் பல்லுக்குத்தான் வேலை. வேகவைக்க அதுதான் தோது.

காம்பை விட்டுவிட்டுத் தோலைச் சீவு. அடியில் இருந்து சின்னக் கரண்டியால் விதையைக் குடைந்து எடு. ஆறு பழத்துக்கு ஒரு பாட்டில் சிவப்பு ஒயின், 150 கிராம் சீனி, ஒரு துண்டு பட்டை, ஒரு அன்னாசிப்பூ, வெள்ளை ஒட்டாமல் சீவிய ஆரஞ்சுத் தோல். கிராம்பு இரண்டு போதும். போன பார்சலில் வைத்தது நாகர்கோவில் சித்தி கொடுத்த மாறாமலைக் கிராம்பு. ஒன்று கூடினாலும் பல் மருந்து வாடை அடிக்கும். நம் வீட்டுப் பன்னீர் திராட்சை ஒயின் என்றால் சீனியைப் பாதியாக்குவேன், அது ஏற்கெனவே தித்திப்பு. கடை ஒயினுக்குப் புளிப்பும் துவர்ப்பும் உண்டு, சீனி வேண்டும்.

அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளிப்புக்கு ஆகாது. பழங்கள் நெருக்கிப் படுக்கிற அளவுக்கு ஒரு எவர்சில்வர் சட்டி எடு. சீனி கரைந்ததும் பழத்தைப் போட்டு அடுப்பைத் தணித்துவிடு. தளதளவென்று கொதித்தால் வெளிப்புறம் கரையும், நடுவில் காயாகவே நிற்கும். ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி எழும்பினால் போதும். பட்டர் பேப்பரை வட்டமாக வெட்டி மேலே போர்த்திவிடு, இல்லாவிட்டால் மிதக்கிற பக்கம் வெள்ளையாகவே கிடக்கும். அரை மணி நேரத்தில் குத்திப் பார். இங்கே ஈர்க்குச்சி, அங்கே கத்தி முனை. தடை இல்லாமல் இறங்கினால் அடுப்பை அணை.

உடனே எடுத்துப் பரிமாறுகிறவர்களை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. அப்போது வெட்டினால் ஓரத்தில்தான் சிவப்பு, உள்ளே வெள்ளை வெளேர். ஆறியதும் அந்தச் சாற்றோடே ஃபிரிட்ஜில் வை, ராத்திரி முழுக்க ஊறட்டும். மறுநாள் பழத்தை எடுத்துவிட்டு, சாற்றை மட்டும் பாதியாகச் சுண்டக் காய்ச்சு. கம்பிப் பதம் வரை விடாதே. விரலில் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆறினால் இன்னும் இறுகும்.

அத்தையின் சட்டிக்குச் சிவப்புத் திராட்சை ஜூஸ். அதில் இனிப்பு தூக்கல், அதனால் சீனியே போடாதே. ஒரு முழு எலுமிச்சைச் சாறு விடு. ஒயினில் இருக்கிற புளிப்பு அதில் போதாது. புளிப்பு இருந்தால்தான் பழமும் குழையாமல் நிற்கும். மசாலா அதேதான். இரண்டும் ஒரே நிறத்தில் இருக்கும், வேறு வேறு மாதிரிக் கிண்ணத்தில் வை. கரண்டியும் வேறு வேறு. மாமா எதில் கை வைப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், நீயே கேட்டுக்கொள்.

மீந்த பாகைக் கொட்டிவிடாதே, உன் வீட்டுக்காரர் ஐஸ்கிரீமில் ஊற்றித் தின்பார். பட்டை தீர்ந்துவிட்டால் போனில் சொல், அடுத்த பார்சலில் வைக்கிறேன்.

அம்மா